கேம் பெட்டியை மாற்றலாமா என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

நீ அனுப்பிய படங்கள் போனில் வந்து சேர்ந்தன. நம் வீட்டில் கிடக்கும், கையில் வைத்து ஆடுகிற பழைய கேம் பெட்டி, அதே வகையில் புதிதாக வந்திருக்கும் பெரிய பெட்டி, கறுப்பாகத் தடியாக இருக்கும் இன்னொரு பெட்டி. மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, "பழசக் குடுத்தா கடையில கழிச்சுக்குவாங்கப்பா, எதை எடுக்கலாம்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். இதற்குப் போனில் பதில் சொல்ல முடியாது. பெட்டியைப் பற்றிப் பேசினால் உன் அக்கா புருஷனைப் பற்றியும் பேசியாக வேண்டும். சுரேஷ் என்ற பெயர் என் வாயிலிருந்து வந்த உடனே நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன். எனக்கு இப்போது எழுதத் தெரியும், வேலைக்கும் போவதில்லை, தாளும் நிறைய இருக்கிறது.

ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போகிறது. 'ழ' போடும்போது நாக்கை வெளியே நீட்டுகிறேனாம், உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "யார் மேல இம்புட்டுப் பெரிய மொட்டக் கடுதாசி? தோட்டத் துரை மேலயா?" என்று கேட்டாள். "ஒன் மகன் மேல" என்றேன். "அப்பன்னா நல்லா அழுத்தி எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுத்தித்தான் எழுதுகிறேன். அடுத்த தாளிலும் பள்ளம் விழுந்திருக்கிறது.

முதலில் பழைய பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். கொழும்பில் போன் திருத்தும் கடையில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை வாங்கி வந்தாய். பொங்கல் முடிந்து போகும்போது மறந்தது போல என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாய். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குள்ளே இருந்த அந்தச் சண்டை விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. இரும்புச் சங்கிலி சுழற்றுகிற மொட்டைத் தலையன், இரண்டு கையிலும் வாள் வைத்திருக்கிற பெண், தொப்பியும் மீசையும் பிரம்புமாக வருகிற வெள்ளைக்காரன். நான் எப்போதும் மொட்டையன்தான். அந்தத் தொப்பிக்காரனுக்கு அன்றைக்கே துரை என்று பெயர் வைத்துவிட்டேன். சங்கிலியால் துரையின் கழுத்தைச் சுற்றி இழுத்து, முழங்காலால் முகத்தில் இடித்து, பல் தெறிக்க, இரத்தம் திரையில் துளித்துளியாக ஒட்ட, கடைசியில் முதுகெலும்பு முறிகிற சத்தம் கேட்கும் பார், அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை ஆடலாம். வாழ்நாள் முழுக்கத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவன் நான். காலையில் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் தோட்டத் துரையும் கண்காணிக்கிற கண்டாக்கும் வாய்க்கு வந்தபடி ஏசும்போது கையில் கத்தியை வைத்துக்கொண்டே தலையைக் குனிந்து நின்றிருக்கிறேன். இங்கே துரையைக் கொன்று போடுகிறேன், ஒரு நாள் சம்பளப் பேர் கூட வெட்டுப்படுவதில்லை. அடுத்த நிமிடம் அவனே எழுந்து வந்து இன்னும் கொஞ்சம் அடி என்று நிற்கிறான். இப்படி ஒரு சாமானைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

இனி அந்தத் தீபாவளியைப் பற்றி எழுதுகிறேன். நீ அங்கே இருந்தவன்தான். ஆனால் உன் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தாய். நான் நடுவில் இருந்தேன்.

மத்தியானம். வெளியே மழை. உன் அம்மாவும் அக்கா கலாவும் அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் கழற்றுகிற கட்டைகளில் ஒன்று சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அதனால் மாற்றி மாற்றி ஆடினோம். சாகிற வரைக்கும் ஒருவர், செத்தால் அடுத்தவர். நீ செத்தாய். அடுத்தது சுரேஷ். நீ பெட்டியை அவன் கையில் கொடுக்கவில்லை. அவன் காலடியில், பாயின் மேல் வைத்தாய்.

"கையில குடுத்தா ஒட்டிக்குமோ?" என்று கேட்டான்.

"எடுத்துக்கங்க மச்சான், அதான் வச்சிருக்கேன்ல."

"நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி வைக்கிற?"

அந்த இடத்தில் நீ ஒரு வார்த்தை விளக்கம் சொல்லியிருக்கலாம். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, அவன் பிறந்த சாதியின் பெயரை வைத்து ஒரு சொல் சொன்னாய். அதை நான் இங்கே எழுத மாட்டேன். நான் எழுத்துப் படித்தது அதற்கில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவன் உன் சட்டையைப் பிடித்து உன் தலையைச் சுவரில் மோதினான். சுண்ணாம்பு உதிர்ந்தது. நீ கீழே கிடந்த பெட்டியை எடுத்து அவன் நெற்றியில் அடித்தாய். புருவத்துக்கு மேலே தோல் பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது, பிறகு அதை இரத்தம் மூடியது. கண்ணில் இரத்தம் வழிய, பார்வை தெரியாமல், சுவரைத் தடவிக்கொண்டே போனவன் கையில் கூரைக்கட்டையில் செருகியிருந்த என் கவ்வாத்துக் கத்தி அகப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு வீசினான். உன் கழுத்துக்கு வந்ததை நான் இடது கையில் வாங்கினேன். வலிக்கவில்லை. குளிர்ந்த மாதிரி இருந்தது. கை திறந்துகொண்டது, உள்ளே நரம்பு துடித்ததை நானே பார்த்தேன். உன் அம்மா முறுக்குக் கரண்டியோடு பாய்ந்து வந்து இரண்டு பேரையும் மண்டையிலும் முதுகிலும் விளாசினாள். எண்ணெய்க் கரண்டி. சுரேஷின் தோளில் அந்தச் சூடு இன்னும் தழும்பாக இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

ஒன்று சொல்கிறேன். அவனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. கொட்டகலைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்து ஓட்டோ ஓட்டுகிறவன். கவ்வாத்துக் கத்தியை மணிக்கட்டால் இழுத்து வெட்ட வேண்டும், அவன் தடியைப் போல வீசினான். தெரிந்தவன் வீசியிருந்தால் என் கை பாயில் கிடந்திருக்கும், அதற்குப் பின்னால் உன் தலையும். டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, மரம் வெட்டும்போது கத்தி நழுவியது என்று சொன்னேன். டாக்டர் நம்பவில்லை. தைத்துவிட்டார்.

நீ கொழும்புக்குப் போனாய். "அப்பாவ வெட்டுனவன் அந்த வீட்டுப் படி ஏறிக்கிட்டிருக்கிற வரைக்கும் நான் வர மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். வரவும் இல்லை. தீபாவளியும் பொங்கலும் வந்து வந்து போயின. நீ என் கைக்காகக் கோபப்படுகிறாய் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தம்பி, வெட்டுப்பட்டது என் கை. அதற்காகக் கோபப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை எனக்குத்தான். அந்தக் கோபத்தை நீ எடுத்துக்கொண்டு போய் இத்தனை நாளாகக் கொழும்பில் வைத்திருக்கிறாய். அது இருந்தால் நீ சொன்ன அந்தச் சொல்லைப் பற்றி யாரும் உன்னிடம் கேட்க மாட்டார்கள், அதனால்தானோ என்னவோ.

கை கட்டுப் போட்டிருந்த காலத்தில் தோட்டத்தில் என்னைப் பிள்ளை மடுவத்தில் இலகு வேலைக்குப் போட்டார்கள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தண்ணீர் நிரப்புவது, கூட்டுவது என் வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா பலகையில் எழுத்து எழுதுவாள். நான் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வாண்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். "அ" என்று அதுகள் கத்தும்போது நானும் கத்துவேன். ஒரு நாள் ஆயம்மா, "தாத்தா, நீங்க மட்டும் தனியா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். எல்லாம் கைதட்டின. தம்பி, துரையின் முதுகெலும்பை முதல் தடவை முறித்தபோது கூட அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

அந்தப் பிள்ளை மடுவத்துக்குப் போகிற வழியில்தான் குளவி கொட்டியது. அது உனக்குத் தெரியும். யார் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று நீ கேட்கவில்லை, சொல்ல வந்தபோது போனை வைத்துவிட்டாய். இப்போது வாசி. ஒரு பருந்து வந்து மரத்துக் கூட்டை அடித்தது. கறுப்பு மேகம் மாதிரி இறங்கின. காதுக்குள்ளே, மூக்குக்குள்ளே, சட்டைக்குள்ளே. ஒவ்வொரு கொட்டும் பழுக்கக் காய்ச்சின ஆணி. நான் தேயிலைச் செடிக்குள் விழுந்து உருண்டேன். அந்த நேரம் கலாவை நம் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட வந்தான் சுரேஷ். சண்டைக்குப் பிறகு அவன் நம் வாசல் வரைக்கும் வந்ததில்லை, கோயில் வளைவிலேயே அவளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். அன்றைக்கு ஓட்டோவின் பக்கத் திரையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு குளவிக்குள் ஓடி வந்தான். என்னை அதில் சுருட்டித் தோளில் போட்டான். என்னைச் சுருட்டியது போக அவனுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. முகம் முழுக்க வாங்கினான்.

டிக்கோயா போகிற வழியெல்லாம் திட்டினான். "வயசான காலத்துல ஒனக்கு அ ஆ வேணுமாய்யா? வீட்ல கெடந்தா என்ன?" என் வாழ்நாளில் மருமகன் என்னை "யா" போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். மூச்சு அடைத்தது, நாக்கு பருத்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கும்போது கதவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை இருந்தது. "அ... வ... ச... ர..." என்று கூட்ட ஆரம்பித்தேன். "மாமா, தயவுசெஞ்சு வாய மூடுங்க" என்றான். நான் 'சிகிச்சை' வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் மயங்கினேன்.

கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு பூதம் படுத்திருந்தது. உதடு தொங்கி, ஒரு கண் மூடி, காது அப்பளம் போல வீங்கி. விளையாட்டில் கடைசியில் வருகிற ராட்சதன் இருக்கிறானே, அவனே எழுந்து வந்த மாதிரி. கலா அழுதுகொண்டே போய் வீட்டிலிருந்து துணியும் தேங்காய் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள், அதோடு பெட்டியையும் கொண்டுவந்தாள். நம் வீட்டில் பிறந்தவள் இல்லையா. பெட்டியின் ஒரு மூலை உடைந்திருந்தது. ஆளை நடத்துகிற இடது குச்சி பழுது. நாம் தொடாமலே மொட்டையன் இடது பக்கம் நடந்துகொண்டே இருப்பான். நானும் சுரேஷும் ஆளுக்கு ஒரு கட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டோம். நான் அந்தப் பழுதான கட்டையை எடுத்தேன். மூன்று கண்ணால் இரண்டு பேர் ஆடினோம். என் மொட்டையன் தானாக நடந்து போய் அவனுடைய வாள்காரியின் வாளில் தானாகவே குத்திக்கொண்டு செத்தான். சுரேஷுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாமல் உதட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அங்கேதான் கேட்டேன். "மாப்புள்ள, அன்னைக்கி ஏன் அப்புடி வெட்டுனீங்க?"

கட்டையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னான். கடைவீதியில் அவன் அப்பா தேத்தண்ணி குடிக்கப் போனால் காசைக் கையில் வாங்காமல், "அங்க வையி" என்பார்களாம். கோப்பையையும் கையில் தராமல் பலகையில் வைப்பார்களாம். எட்டி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கலாவின் கலியாணத்தன்று நம் சொந்தக்காரர்கள் அவர்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார்கள், அது எனக்குத் தெரியும். நான் அதை மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை. "மாமா, ஒங்க மகன் அதைக் கீழ வச்சதும் எனக்கு எங்கப்பா கைதான் தெரிஞ்சிச்சு" என்றான்.

நான் அவனுக்குக் கவ்வாத்துக்காரர் பழக்கத்தைச் சொன்னேன். மலையில் கத்தியைக் கைக்குக் கை மாற்ற மாட்டோம், மாற்றினால் அந்த இரண்டு பேருக்குள்ளும் சண்டை வரும் என்று பயம். ஒருவன் தரையில் வைப்பான், மற்றவன் குனிந்து எடுப்பான். துரையே கேட்டாலும் தரையில்தான் வைப்போம். நம் வீட்டில் அரிவாள்மணை, கத்தரிக்கோல் எல்லாமே அப்படித்தான். நீ அந்தப் பெட்டியை முதன்முதலில் கொண்டுவந்த அன்றைக்கு, "இதுவும் வெட்டுற சாமான்தான், கீழ வையி" என்று நான்தான் விளையாட்டாகச் சொன்னேன், அதிலிருந்து நாம் எல்லோரும் அப்படியே செய்தோம். சண்டை வரக் கூடாது என்று வைத்தது, மாப்பிள்ளை, உங்களை ஒதுக்க வைத்ததில்லை என்றேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"வாயத் தொறக்கிறதுக்குள்ள வெட்டிப்புட்டீங்களே."

மறுபடியும் உதட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "சரி மாமா, வச்சது பழக்கம். ஒத்துக்கிறேன். சொன்னது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை, தம்பி, உனக்கு வந்தது.

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்களை சுரேஷிடம்தான் காட்டினேன். படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது, கத்தி வாங்குவது போல இதையும் கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவன் என்னை ஹட்டனுக்குக் கூட்டிப் போனான். அங்கே போனும் கேமும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார முஸ்லிம் நானா நல்ல மனிதர், வாங்க வந்தீர்களா என்று கேட்காமலே எடுத்துக் கையில் கொடுத்தார்.

முதலில் அந்தக் கறுப்புப் பெட்டி. பிடி நன்றாக இருக்கிறது, உள்ளங்கையில் உட்காருகிறது. கனம்தான் அதிகம். நானா அதில் பிணங்கள் எழுந்து வருகிற ஒரு விளையாட்டைப் போட்டுவிட்டார். படம் என்றால் படம், பிணத்தின் பல்லில் இருக்கிற அழுக்குக் கூடத் தெரிகிறது. ஒன்றின் மண்டையில் சுட்டேன், பூசணிக்காய் சிதறியது போலச் சிதறியது. இன்னொன்றின் தாடையைத் துப்பாக்கிக் கட்டையால் பெயர்த்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு என் பின்னால் கூடிவிட்டார்கள். "பெருசு, இடது பக்கம், இடது பக்கம் வருது, போடுங்க!" என்று ஒருவர் கத்தினார். போட்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் பெட்டி சூடாகி, உள்ளே காற்றாடி இரைந்தது.

"என்ன நானா, உள்ளுக்க அடுப்பு வச்சிருக்கா?"

"பவர் கூட ஐயா, அதுதான் சுடுது. சார்ஜும் கெதியா எறங்கும். பொய் சொல்ல ஏலாது."

வெட்டுப்பட்ட கைக்குக் கனம் தாங்கவில்லை. கீழே வைத்துவிட்டேன். அது ஒற்றை ஆள் பெட்டி, தம்பி. இன்னொரு கட்டை தனியாக வாங்கி மாட்டலாமாம், ஆனால் அது ஒருவன் மூலையில் உட்கார்ந்து ஆடுவதற்காகவே செய்தது என்று பிடித்த பிடியிலேயே தெரிகிறது.

பிறகு நம் பெட்டியின் வகையில் புதிதாக வந்தது. திரை பெரியது, என் கண்ணுக்கு நல்லது. பக்கக் கட்டைகள் காந்தத்தில் ஒட்டுகின்றன, இழுத்தால் கட்டக்கென்று கழன்று கையில் வருகின்றன. பழைய விளையாட்டும் அதில் ஓடும் என்றார் நானா, ஆகவே துரையும் மொட்டையனும் கூடவே வந்துவிடுவார்கள். சட்டைப் பையில் போக முடியாது, அவ்வளவு பெரிது. "குச்சி இதுலயும் தானா ஓடுமா?" என்று சுரேஷ் கேட்டான். "ஓடாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் தம்பி. எல்லாம் மனுசன் அமத்துற சாமான்தானே" என்றார். நம் பழைய பெட்டியையும் கொண்டுபோயிருந்தோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உயிர் நல்லாத்தான் இருக்கு. குச்சிய மட்டும் மாத்தினாப் போதும். இது எங்க உளுந்துச்சு, இப்புடி மூலை ஒடைஞ்சிருக்கு?" என்று கேட்டார். சுரேஷ் புருவத்தைக் காட்டி, "இங்க" என்றான். நானா சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்.

நீ அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் வாங்கச் சொல்கிறாய் என்று உன் பேச்சிலேயே தெரிகிறது. "நெட்ல போட்டா நான் கொழும்புல இருந்தே ஒங்ககூட அடிக்கலாம்பா" என்றாய். தம்பி, இங்கே சிக்னல் கோயில் வளைவில் மட்டும்தான் வரும். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் உன்னை நான் எப்படி அடிப்பது? சிக்னல் இருந்தாலும் எனக்கு அது வேண்டாம். உன்னைக் கொல்வதென்றால் உன் விலா என் முழங்கையில் இடிக்க வேண்டும். நீ சாகும்போது விடுகிற கெட்ட வார்த்தை என் காதில் விழ வேண்டும், அடுப்படியிலிருந்து உன் அம்மா அதற்கு ஏச வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டே என்னோடு சண்டை போட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய். வீட்டுக்கு வராமல் இருப்பதற்கு அது நல்ல வழி. நான் உடன்பட மாட்டேன்.

ஆகவே என் முடிவு இது. கறுப்புப் பெட்டி வேண்டாம். பெரிய மனிதனாக, "புதுசு எதுவுமே வேண்டாம், இருக்கிறது போதும்" என்று எழுதலாமா என்று யோசித்தேன். அது பொய். புதுசு வேண்டும். அந்தப் பெரிய திரையில் துரை சாவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் ஆசையை மறைத்து என்ன செய்ய? முடிந்தபோது வாங்கு, அவசரம் இல்லை.

ஆனால் பழையதைக் கடையில் கொடுத்துக் கழிக்க முடியாது. அது உன்னுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. எவன் நெற்றியில் அடித்து உடைத்தாயோ அவனுக்கு அது சேர வேண்டியது. கொட்டகலை ஸ்டாண்டில் ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அவன் அதைத்தான் ஆடுகிறான், பழுதான குச்சியோடு. நீ கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களின் போனைத் திருத்துகிறாய். அந்தக் குச்சிக்கு வேண்டிய சாமானை வாங்கிக்கொள், சின்ன திருப்புளியையும் எடுத்துக்கொள், நீயே வந்து அவன் முன்னால் உட்கார்ந்து மாற்றிக் கொடு. ஆள் அனுப்பாதே, பஸ்ஸில் போட்டு விடாதே.

இதை எழுதத் தொடங்குவதற்கு முன்னால் அவனிடமும் கேட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தோம். "மாப்புள்ள, தம்பி வந்தா ஸ்டேசன்ல இருந்து ஏத்திட்டு வருவீங்களா?" என்றேன். வாள்காரி என் மொட்டையனின் இரண்டு கையையும் வெட்டி, அவனை மண்டியிட வைத்து, வாளைத் தொண்டையில் இறக்கினாள். அதைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் சொன்னான்: "ஏத்துவேன். ஓசியில இல்ல, காசு வாங்கிட்டுத்தான். அவன் வாயத் தொறந்து பேசுறதப் பொறுத்துத்தான் வண்டி லயம் வரைக்கும் வருமா, பாதியில கவுருமான்னு சொல்ல ஏலும்." கலா உள்ளே இருந்து, "கவுந்தா எனக்குத் தம்பியும் இல்ல, புருஷனும் இல்ல, நிம்மதி" என்றாள்.

அதனால் தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வா. ஹட்டனில் இறங்காதே, கொட்டகலையில் இறங்கு. ஸ்டேஷன் வாசலில் அவன் வண்டி நிற்கும். புருவத்தில் தழும்பு இருக்கும், தோளில் சட்டைக்குள் உன் அம்மாவின் கரண்டி இருக்கும், அடையாளம் தெரியாமல் போகாது. வேறு யாருடைய வண்டியிலாவது ஏறி வந்து இறங்கினால், நான் நீ கொண்டுவந்த சாமானை மட்டும் வாசலில் வாங்கிக்கொண்டு உன்னை அந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவேன். அவன் வண்டியில் ஏறு. பின்னால் உட்கார். அவன் முகத்தைப் பார்க்க உனக்குத் தைரியம் வராது என்று எனக்குத் தெரியும், பார்க்கவும் வேண்டாம், முதுகுதான் தெரியும். "சொன்னது?" என்று அவன் என்னிடம் கேட்டதற்குப் பதிலை அந்த முதுகிடம் சொல். ஸ்டேஷனிலிருந்து லயம் வரைக்கும் ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் பள்ளம். அவன் ஹேண்டிலை விட்டுவிட்டுத் திரும்பி உன்னை அடிக்க முடியாது. அதற்குள் சொல்லி முடித்துவிடு.

அப்பா